கடைசியாகக் கேட்ட எண்

மார்ச் 6

அக்காவுக்கு,

இந்த முகவரியைக் கொடுத்தது மாமாவோடு வேலை பார்த்த எடைமேடைக்காரர். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று நீ சொல்லிவிட்டுப் போனாயாம். அவரைக் கோபித்துக்கொள்ளாதே. மூன்று நாள் தொடர்ந்து அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். நான்காம் நாள் அவர் மனைவிதான் பாவம் பார்த்து எழுதிக் கொடுக்கச் சொன்னாள்.

நீ போன அன்று காலையில் நான் தையல் கூடத்துக்குக் கிளம்பும்போது மாடியில் உன் கதவு சாத்தியிருந்தது. தூங்குகிறாய், தூங்கட்டும் என்று சத்தம் போடாமல் படியிறங்கினேன். சாயங்காலம் வந்து பார்த்தால் பூட்டு. சாவி என் ஜன்னல் கட்டையில். ஒரு வரி எழுதி வைத்திருக்கலாம். என் பொடிசு இன்றைக்கும் பள்ளி விட்டு வந்ததும் மாடிக்குத்தான் ஏறுகிறாள். பூட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு இறங்கி வருகிறாள்.

எழுதக் காரணம் அது இல்லை. நேற்று ஒரு தபால் வந்தது. குளிர்கிடங்கு விபத்தை விசாரிக்கும் அதிகாரி அனுப்பியது. ஏப்ரல் 11 அன்று பொடிசை நான் அழைத்துக்கொண்டு போக வேண்டுமாம். சம்பவத்தன்று அவள் கொடுத்த தகவல் பற்றி அவளையே நேரில் கேட்கப் போகிறார்களாம். கோரியவர் என்ற இடத்தில் உன் கையெழுத்து. கடைசி எழுத்தின் வாலை நீ இழுத்து விடுகிற விதம் எனக்குத் தெரியாதா, அக்கா? முதலில் நம்பவில்லை. விளக்கடியில் வைத்துப் பார்த்தேன்.

அவளுக்கு எட்டு வயசு.

அன்று நடந்ததை நான் கண்ணால் பார்க்கவில்லை. மற்றவர்கள் சொன்னதுதான் எனக்குத் தெரியும். கிடங்கின் உள்அறையில் குழாய் வெடித்து அமோனியா கசிந்தது. பழம் பிரிக்கும் கூடத்திலிருந்து நீங்கள் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினீர்கள். பொடிசு வழக்கம்போல் பள்ளியிலிருந்து வந்து, உள்அறைக்கு எதிரே இருக்கிற பெஞ்சில் மாமாவுக்காக உட்கார்ந்திருந்தாள். அவளையும் யாரோ வெளியே இழுத்து வந்தார்கள். தீயணைப்புக்காரர்கள் வந்து உள்ளே எத்தனை பேர் என்று கேட்டபோது சூப்பர்வைசர் பதிவேட்டைப் பிரித்து நாலு பேர் என்றார். அவர்கள் அதோடு விடாமல், பெஞ்சில் இருந்த பிள்ளை பார்த்திருக்கும் என்று இவளிடம் குனிந்து, “பாப்பா, உள்ள எத்தனை பேர் போனாங்க? மூணா, நாலா?” என்று கேட்டார்கள். “நாலு” என்றாள் இவள். அந்த நான்கு பேரையும் உயிரோடு தூக்கி வந்தார்கள். ஐந்தாவதாக மாமா உள்ளே இருந்தார். பதிவேட்டில் எழுதாமல் அவரை உள்ளே அனுப்பியது சூப்பர்வைசர். அந்த ஆளை விட்டுவிட்டு என் பெண்ணைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறாய்.

உன் துக்கத்துக்கு முன்னால் நான் வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் இரண்டு மாதமாக இருந்தேன். ஆனால் அவளை அந்த மேஜைக்கு முன்னால் நிறுத்தாதே. எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள். உன் கையைப் பிடித்துக் கேட்பதாக நினைத்துக்கொள்.

தங்கை


மார்ச் 17

தங்கைக்கு,

நலமா என்று கேட்காமல் எழுதியதற்கு நன்றி. கேட்டிருந்தால் பதில் போட்டிருக்க மாட்டேன்.

இங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் இருக்கிறேன். காலை ஆறிலிருந்து இரண்டு வரை. போர்வைகள் சூடாக வெளியே வரும். மடித்து அடுக்க வேண்டும். எண்ணிக் கட்டுவதை மட்டும் பக்கத்தில் இருக்கிறவளிடம் தள்ளிவிடுகிறேன். சோம்பேறி என்று நினைக்கிறாள். நினைக்கட்டும்.

சூப்பர்வைசரை நான் விடவில்லை. அவரைப் பற்றியும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். “எனக்குத் தெரியாம அவராத்தான் உள்ள போயிருக்கார்” என்கிறார். என்னிடம் அன்று என்ன சொன்னார் தெரியுமா? “உங்க வீட்டுக்காரர் லாரியோட போயிருக்கார், நீங்க பயப்படாதீங்க” என்றார். நான் பயப்படவில்லை. எல்லோரும் அழுதுகொண்டிருந்தபோது நான் மற்றவர்களின் மனைவிமாருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஏழு மணிக்கு லாரி திரும்பி வந்தது. டிரைவர் தனியாக இறங்கினார்.

டாக்டர் என்னிடம் சொன்ன ஒன்றை உனக்கு நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். உன் மாமா அடுக்குகளுக்கு இடையில் விழுந்து கிடக்கவில்லை. ஒரு சாக்கை நனைத்து முகத்தில் சுற்றிக்கொண்டு கதவு வரைக்கும் ஊர்ந்து வந்திருக்கிறார். ஒரு மணி நேரத்துக்கு மேல் உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர். அந்த ஒரு மணி நேரமும் கதவு வெளியே சாத்தியிருந்தது. எல்லோரும் வந்தாச்சு என்று சொல்லி, வாயு கசியாமல் இருக்க இடுக்கில் ஈரத் துணி திணித்து அடைத்தார்கள். துணியை நனைத்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

இப்போது சொல். பொடிசுக்கு ஐந்து தெரியாதா? ஐந்து விரலையும் மடக்கி மடக்கி அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே அவர்தானே. அவள் கண் முன்னால்தான் அவர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு உள்ளே போனார். போகும்போது அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போயிருப்பார். தட்டாமல் போகிறவர் இல்லை. பிறகு எப்படி நாலு என்றாள்?

குழந்தையைத் தண்டிக்கச் சொல்லவில்லை. ஏன் என்று எனக்குத் தெரிய வேண்டும். அது தெரியாமல் என்னால் இந்தப் போர்வைகளை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது.

திரும்ப வாங்க மாட்டேன்.

அக்கா


மார்ச் 29

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் ஊசி ஓடவில்லை. சட்டைக் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்து மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். துணி நனைத்துக் கொடுத்தாய் என்பதை நீ எழுதாமல் இருந்திருக்கலாம் என்று ஒரு சமயம் தோன்றுகிறது. எழுதாமல் எப்படி இருப்பாய் என்றும் தோன்றுகிறது.

ஏன் என்று கேட்டாய். எனக்கும் தெரியவில்லை. அதனால் லீவு போட்டுவிட்டு அவளை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். காது டாக்டரைப் பார்த்தோம். காது நன்றாகக் கேட்கிறது. அங்கிருந்து பேச்சுப் பயிற்சி டீச்சரிடம் அனுப்பினார்கள். சின்ன அறை, குட்டை நாற்காலி, சுவரோரம் பொம்மைகள். என்னை மூலையில் உட்காரவைத்து, நடுவில் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

முதலில் ஒன்றிலிருந்து எண்ணச் சொன்னார். “ஒண்ணு, ரெண்டு, மூணு, அஞ்சு, எட்டு, பத்து” என்றாள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். “ஒண்ணு, ரெண்டு, நாலு, ஒம்பது, தொண்ணூறு.” பத்துத் தடவை சொன்னாள், அக்கா. பத்தும் பத்து விதம்.

அப்புறம் டீச்சர் இரண்டு தட்டில் பொத்தான்களைக் கொட்டி, கண் இமைக்கிற நேரம் காட்டி மூடினார். எதில் அதிகம் என்று கையால் காட்டச் சொன்னார். இருபது தடவையில் பதினெட்டு சரி. என்னைக் கேட்டிருந்தால் நான் அத்தனை சொல்லியிருக்க மாட்டேன். அப்புறம் ஏழு பொம்மையை வரிசையாக நிறுத்தி, அறையின் அந்தக் கோடியில் ஒரு கூடை நிறையத் தொப்பி வைத்து, ஒரே நடையில் போய் எல்லாருக்கும் ஆளுக்கு ஒன்று எடுத்து வா என்று சைகை செய்தார். போனாள். நின்று பொம்மைகளைத் திரும்பிப் பார்த்தாள். மடியில் அள்ளி வந்தாள். ஒன்று கூடுதலும் இல்லை, ஒன்று குறைவும் இல்லை.

“எத்தனை தொப்பி கொண்டு வந்தே?” என்று கேட்டார்.

“பத்து.”

“அஞ்சா, ஆறா?”

“ஆறு.”

“ஆறா, அஞ்சா?”

“அஞ்சு.”

டீச்சர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “இவ புத்தியில ஒரு குறையும் இல்லைங்க. பேச்சுதான் மத்த பிள்ளைங்க மாதிரி இவகிட்ட தங்க மாட்டேங்குது. வளர்ச்சிக்கால மொழிக் குறைபாடுன்னு சொல்லுவோம். எவ்வளவுன்னு இவளுக்குத் தெரியுது. அதோட பேரு வரிசையா வர மாட்டேங்குது. நடுவுல வழி தவறிடுச்சுன்னா, கடைசியா காதுல எது விழுந்துச்சோ அதைப் பிடிச்சுக்கறா” என்றார்.

மூணா, நாலா என்று கேட்டார்கள். நாலா, மூணா என்று கேட்டிருந்தால் மூணு என்றிருப்பாள். ஐந்து என்ற சொல்லை அன்று யாரும் அவள் கையில் கொடுக்கவில்லை. இதுதான் உன் ஏனுக்குப் பதில்.

இப்போது நான் கேட்கிறேன். “எட்டு வயசு வரைக்கும் எப்படிக் கவனிக்காம விட்டீங்க?” என்று டீச்சர் கேட்டார். என் அக்கா தினமும் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுக்கிறாள், நூறு வரை தெரியும் என்று பள்ளி ரிப்போர்ட்டில் இருக்கிறது என்றேன். மூன்று வருஷத்துக்கு முன்பே பள்ளியில் பரிசோதிக்கச் சொன்னார்கள். “முத்திரை குத்திடுவாங்க, நீ போகாதே, நான் பாத்துக்கறேன்” என்று தடுத்தது நீ. உன்னிடம் அவளுக்குத் தெரிகிறது, என்னிடம் மட்டும் தெரியாமல் போகிறது என்று எத்தனை நாள் நான் எனக்குள்ளேயே குமைந்திருக்கிறேன். தினமும் அவளோடு உட்கார்ந்தாயே, உனக்குத் தெரியவே தெரியாதா?

தங்கை


ஏப்ரல் 4

தங்கைக்கு,

தெரியும்.

இதை எழுதுவதற்கு முன்னால் இரண்டு தாள் கிழித்தேன். நீ கேட்டபடியே ஒற்றைச் சொல்லில் சொல்லிவிட்டேன். மற்றதைக் கேள்.

முதல் வருஷம் நானும் எல்லோரையும் போலத்தான் சொல்லிக் கொடுத்தேன். ஐந்துக்கு அப்புறம் என்ன என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பாள். நேற்று சொன்னது இன்றைக்கு இருக்காது. காலையில் சொன்னது மத்தியானம் இருக்காது. அடித்ததில்லை. ஒரே ஒரு நாள் கத்தினேன். மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். சாப்பாட்டுக்குக் கூட வெளியே வரவில்லை. அவர்தான் வேலை விட்டு வந்து, தானும் மேஜைக்கு அடியில் படுத்துக்கொண்டு, “இடம் நல்லா இருக்கே, வாடகை எவ்வளவு?” என்று கேட்டு அவளைச் சிரிக்க வைத்தார்.

மறுநாளிலிருந்து வேறு மாதிரி கேட்டேன். ஐந்துக்கு அப்புறம் ஏழா, ஆறா? அவள் ஆறு என்றாள். சரியான பதிலைக் கடைசியில் வைத்தால் சொல்லிவிடுகிறாள் என்று கண்டுபிடித்தேன். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும். எனக்குப் பிள்ளை இல்லை. என்னால் ஒரு பிள்ளைக்கு அப்படிச் சந்தோஷம் கொடுக்க முடிகிறதே என்று நினைத்தேன். தினமும் கடைசியில் வைத்தேன். நீ சமையல் கட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும்போதும் வைத்தேன். வகுப்பு டீச்சரிடமும் போய், “இவ கூச்சப்படுவா, இதா அதான்னு கேளுங்க, தப்பை முதல்ல சொல்லுங்க” என்று சொல்லி வைத்தேன். அந்த அம்மாவுக்கு நாற்பது பிள்ளைகள். சரி என்று தலையாட்டிவிட்டு நூறு வரை தெரியும் என்று எழுதிவிட்டார்.

அவளிடம் இருந்தது குறைதான். அதைப் பழக்கமாக்கியது நான். எண் கேட்டால் கடைசி வார்த்தையைச் சொல், எல்லோரும் மெச்சுவார்கள் என்று மூன்று வருஷம் பயிற்சி கொடுத்தேன். அன்று யாரோ ஒருவர் குனிந்து மூணா, நாலா என்று கேட்டபோது, நான் கேட்கிற மாதிரியே கேட்டிருக்கிறார். பொடிசு சமர்த்தாகப் பதில் சொல்லியிருக்கிறாள்.

உன் கடிதம் வந்த அன்றே விசாரணை அலுவலகத்துக்கு போன் போட்டேன். என் கோரிக்கையைத் திரும்ப வாங்குகிறேன் என்றேன். முடியாதாம். கம்பெனி வக்கீலும் அந்தக் குழந்தையை விசாரிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம். குழந்தை தப்பாகச் சொன்னதால்தான் என்று முடிந்தால் அவர்களுக்கு நல்லது. நான் திறந்துவிட்ட கதவில் அவர்கள் நுழைந்துவிட்டார்கள்.

அந்த டீச்சரைக் கூடவே அழைத்துப் போ. கெஞ்சியாவது அழைத்துப் போ. நான் வரவில்லை. என்னைப் பார்த்தால் அவள் என்னிடம்தான் பதில் தேடுவாள்.

அக்கா


ஏப்ரல் 12

அக்காவுக்கு,

நேற்று முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். என் கோபத்தைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

நீள மேஜை. அதிகாரி நடுவில், கம்பெனி வக்கீல் ஒரு பக்கம், சூப்பர்வைசர் அவருக்குப் பின்னால். பொடிசின் அப்பா தான் ஓட்டுகிற லாரியை வழியில் நிறுத்திவிட்டு வந்திருந்தார். டீச்சரும் வந்தார். முதலில் தீயணைப்பு நிலைய அதிகாரியைக் கேட்டார்கள். நல்ல மனுஷர். என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். “பதிவேட்டுல நாலு. கதவுக்கு வெளிய கழட்டி விட்ட செருப்பு நாலு ஜோடி, நானே பார்த்தேன். பாப்பா சொன்னதும் நாலு. மூணும் ஒத்துப்போச்சு. அதனாலதான் கதவை அடைக்கச் சொன்னேன்” என்றார். சொல்லி முடித்துவிட்டுத் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

வக்கீல் எழுந்து பொடிசிடம் சிரித்துக்கொண்டே, “பாப்பா, இந்த ரூம்ல எத்தனை நாற்காலி இருக்கு? ஆறா, பத்தா?” என்றார்.

“பத்து.”

“எட்டா, ஏழா?”

“ஏழு.”

“அவ்வளவுதாங்க” என்று உட்கார்ந்துவிட்டார். பின்னால் யாரோ சிரித்தார்கள். பொடிசு சரியாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

டீச்சர் அனுமதி கேட்டார். மேஜையில் தண்ணீர் குடிக்க வைத்திருந்த காகிதக் கப்புகளை அடுக்கோடு எடுத்து அவள் முன்னால் வைத்தார். எண் என்ற பேச்சே எடுக்கவில்லை. உள்அறைக் கதவின் போட்டோவைக் காட்டி, “உள்ள போனவங்க. ஆளுக்கு ஒண்ணு வை” என்றார்.

ஒரு கப்பை வைத்துக் காதைத் தொட்டுக் காட்டினாள். கடுக்கன் போட்டவராம். இன்னொன்றை வைத்து இருமினாள். மூன்றாவதுக்குக் காலை இழுத்து நடந்தாள். நான்காவதுக்கு விசில் அடிக்க வாயைக் குவித்தாள். ஐந்தாவது கப்பை எடுத்துத் தன் தலையில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு வைத்தாள். “பெப்பா” என்றாள். பெரியப்பா என்று அவளுக்கு இன்னும் வராது.

அதிகாரி எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. அவள் அந்த ஐந்தாவது கப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு மேஜையைச் சுற்றி நடந்தாள். ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, இல்லை என்று தலையாட்டிவிட்டு அடுத்தவரிடம் போனாள். டீச்சர் மெதுவாக, “அன்னிக்கு யார்கிட்ட கொண்டு போனே?” என்றார்.

“பெம்மா.”

“அவங்க என்ன செஞ்சாங்க?”

பொடிசு இடது கையை நீட்டி, வலது கையால் அதை ஓங்கி அடித்தாள். கப் கீழே உருண்டது.

“பெம்மான்னா யாரு?” என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

தெரியாது என்றேன், அக்கா. என் புருஷன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் முன்னால், அதிகாரி முன்னால், என் பெண் முன்னால் உனக்காகப் பொய் சொன்னேன்.

அவள் அன்று உன்னிடம் என்ன கொண்டு வந்தாள்?

இதற்குப் பதில் வராமல் நான் உனக்கு இன்னொரு வரி எழுத மாட்டேன்.

தங்கை


ஏப்ரல் 20

தங்கைக்கு,

அவர் செருப்பு.

நாங்கள் வெளியே முற்றத்தில் நின்றிருந்தோம். கண்ணெல்லாம் எரிந்தது, யார் எங்கே என்று தெரியவில்லை. பொடிசு என்னிடம் ஓடி வந்தாள். கையில் ஒரு ஜோடி செருப்பு. இரண்டையும் என் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, “பெப்பா, பெப்பா” என்றாள். உள்அறைக்குப் போகிறவர்கள் செருப்பைக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டு பூட்ஸ் மாட்டிக்கொள்வார்கள். அது அங்கே வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். பதினோரு வருஷமாகத் தெரியும்.

ஆனால் என் காதில் சூப்பர்வைசர் சொன்னதுதான் இருந்தது. லாரியோடு போயிருக்கிறார். பூட்ஸோடு லாரியில் ஏறிப் போய்விட்டார், செருப்பை விட்டுவிட்டார் என்று நினைத்தேன். நினைத்தேன் என்று கூடச் சொல்ல முடியாது. சுற்றிலும் ஆட்கள் மயங்கி விழுகிறார்கள், இவள் அந்த அறைப் பக்கமே ஓடிப் போய்ச் செருப்பை எடுத்து விளையாடிக்கொண்டிருக்கிறாளே என்றுதான் வந்தது. “இங்கே என்ன விளையாட்டு?” என்று கையில் ஓங்கி ஒன்று போட்டேன். செருப்பு விழுந்தது. அதை எடுத்துப் பழக்கூடைகளுக்குப் பின்னால் போட்டேன். அவள் என் புடவையைப் பிடித்துக் கதவுப் பக்கம் இழுத்தாள். இழுத்த கையை விடுவித்து எடைமேடைக்காரர் மனைவியிடம் அவளை ஒப்படைத்தேன். அதற்கப்புறம்தான் தீயணைப்பு வண்டி வந்தது. அதற்கப்புறம்தான் அவளிடம் குனிந்து கேட்டார்கள்.

அந்த நிலைய அதிகாரி கதவருகே ஐந்து ஜோடி பார்த்திருப்பார். நான்கைத்தான் பார்த்தார்.

வாயால் சொல்ல வராததை அவள் கையால் கொண்டு வந்து என் முகத்துக்கு நேரே பிடித்தாள். இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்லியிருக்க முடியாது. நான் ஒருத்திதான் அதைப் பார்த்தேன்.

லாரி தனியாக வந்த அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. கூடைகளுக்குப் பின்னால் போய்ச் செருப்பை எடுத்து என் பைக்குள் வைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. உன் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் ஊரை விட்டு வந்தேன். அவள் தப்பாகச் சொன்னாள் என்று ஒரு விசாரணை சொல்லிவிட்டால், அது காகிதத்தில் வந்துவிட்டால், நானும் அதை நம்பிவிடலாம் என்று நினைத்தேன். எட்டு வயசுப் பிள்ளையின் தலையில் என் புருஷன் சாவைத் தூக்கி வைக்கப் பார்த்தேன்.

நீ சொன்ன பொய் உனக்கு வேண்டாம். இதே விவரத்தை அதிகாரிக்கும் எழுதி, கையெழுத்துப் போட்டு, நேற்றே அனுப்பிவிட்டேன். செருப்பையும் பார்சலில் அனுப்பினேன். பெம்மா நான்தான் என்று எழுதியிருக்கிறேன். உன் வீட்டுக்காரரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு.

ஒரு தடவை அவளைப் பார்க்க வரட்டுமா? மாடிக்கு வரவில்லை. தெருமுனையில் நின்று பார்த்துவிட்டுப் போகிறேன் என்றாலும் சரி. நீ சொல்கிறபடி.

அக்கா


மே 11

அக்காவுக்கு,

உடனே எழுதவில்லை. எழுத முடியவில்லை. உன் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். வாளியை எடுத்துக்கொண்டு போய் லாரியைக் கழுவ ஆரம்பித்தார். முந்தின நாள்தான் கழுவியிருந்தார்.

விசாரணை அறிக்கை நேற்று வந்தது. முதல் குறிப்பில் இருந்த, குழந்தை அளித்த தவறான தகவல் என்ற வரி எடுக்கப்பட்டுவிட்டது. பதிவேட்டில் எழுதாமல் ஆள் அனுப்பியது விதிமீறல் என்று இருக்கிறது. சூப்பர்வைசரை வேறு கிளைக்கு மாற்றியிருக்கிறார்கள். அவ்வளவுதான். உன்னைப் பற்றி ஒரே வரி: “உறவினர் ஒருவரிடம் குழந்தை தெரிவிக்க முயன்றது, அது புரிந்துகொள்ளப்படவில்லை.” உன் பெயர் இல்லை. அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. பள்ளி பரிசோதிக்கச் சொன்னபோது, முத்திரை குத்திவிடுவார்கள் என்று நீ சொன்னதும் நான் ஏன் உடனே சரி என்றேன் தெரியுமா? யாராவது அப்படிச் சொல்லிவிட மாட்டார்களா என்றுதான் எனக்கும் இருந்தது. அந்த வரியில் என் பெயரும் இல்லாமல் இருக்கிறது.

பொடிசை வாரம் இரண்டு நாள் டீச்சரிடம் அழைத்துப் போகிறேன். பள்ளியில் சின்ன வகுப்புக்கு மாற்றிவிட்டார்கள். தாளில் எழுதின எண்ணைப் பார்த்துப் பொத்தான் வைக்கிறாள். சரியாக வைக்கிறாள். ஆனால் வாயால் ஒரு எண்கூடச் சொல்வதில்லை. விசாரணை நாளிலிருந்தே இப்படித்தான். முன்பாவது தப்பாகச் சொல்வாள். இப்போது எத்தனை என்று யார் கேட்டாலும் உதட்டை இறுக்கிக்கொள்கிறாள். கடையில் சாக்லேட் எத்தனை வேண்டும் என்று கேட்டதற்கு, சாக்லேட்டே வேண்டாம் என்று வந்துவிட்டாள். திரும்ப வருமா என்று டீச்சரைக் கேட்டேன். “சொல்ல முடியாதுங்க” என்றார். அந்த அம்மா மழுப்புகிற ஆள் இல்லை.

நீ வரட்டுமா என்று கேட்டிருந்தாய். நானாக முடிவு செய்ய மனசு வரவில்லை. அவளையே கேட்கலாம் என்று நினைத்தேன். வரட்டுமா, வேண்டாமா என்று கேட்கக் கூடாது, கடைசியில் இருப்பதைச் சொல்லிவிடுவாள் என்பது இப்போது எனக்குத் தெரியும். அதனால் எதுவும் கேட்காமல் உன் போட்டோவை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். வாசல் கதவைத் திறந்து, உள்ளே வா என்று சைகை காட்டினேன். போட்டோவைத் தொட்டேன். மறுபடி கதவைக் காட்டினேன்.

புரிந்துகொண்டாள். நன்றாகவே புரிந்துகொண்டாள். அழவில்லை, ஓடவில்லை. ரொம்ப நேரம் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து நின்று, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். போட்டோவை நான் எடுத்து உள்ளே வைக்கும் வரைக்கும் கையை முன்னால் கொண்டுவரவில்லை.

அதனால் இப்போது வர வேண்டாம், அக்கா. தெருமுனைக்கும் வேண்டாம். வரச் சொல்லுகிற நாள் ஒன்று வரும் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. எனக்குத் தெரியாததை எழுத மாட்டேன்.

கடிதம் மட்டும் போடு. அவளைப் பற்றிக் கேட்டு எழுதாதே, நானாகச் சொல்கிறேன். உன்னைப் பற்றி எழுது. காலையில் ஆறு மணிக்கு முன்னால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போகிறாயா, அந்தச் சூட்டில் நிற்கிறாயே, உட்கார ஏதாவது வைத்திருக்கிறார்களா, அதை எழுது.

தங்கை